ஓடினால் மோர்... நின்றால் தயிர்!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு, அடி அண்ணாமலையை நெருங்கும்போதுதான் கால்கள் பேச ஆரம்பிக்கும். ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு உற்சாகமாகக் கிளம்பியவர்கள் இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கும்பிட்டபடி மலையின் மேற்குப் பக்கத்துக்கு வந்திருப்பார்கள். 14 கிலோமீட்டரில் ஏறக்குறைய பாதி முடிந்திருக்கும். பிரம்மன் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகருக்கும் இங்கே ஒரு சிறிய கோயில் உண்டு.

இந்த இடத்தில் 'ஐந்து நிமிஷம்' என்று சாலையோரத்தில் உட்காருகிறவர்கள் நிறைய. கூட வரும் பெரியவர்கள் விடமாட்டார்கள். "உட்காராதே, உட்கார்ந்தா கால் பிடிச்சுக்கும். மெதுவாவாவது நட" என்பார்கள்.

கால் பிடித்துக்கொள்வது தசையின் வேலை. ஆனால், அந்த எச்சரிக்கைக்குள் ரத்தத்தைப் பற்றிய ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. நம் உடம்பில் ஓடும் ரத்தம் தண்ணீரைப் போன்ற சாதாரண திரவம் இல்லை. அது ஓட ஓட இளகும். தேங்கத் தேங்கக் கெட்டிப்படும். மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி, சர்க்கரை நோயாளியின் ஆறாத புண், டெங்குவின் ஆபத்தான நாள்கள் என்று நம் வீடுகளைப் பயமுறுத்தும் பல விஷயங்களில் இந்தக் குணத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி?

கார்த்திகை தீபத்துக்காக மலை உச்சிக்கு நெய் கொண்டு போகிறார்கள். டின்னில் உறைந்திருக்கும் நெய்யைச் சாய்த்தால் சட்டென்று விழாது. கொஞ்சம் சூடு காட்டினால் போதும், சலசலவென ஓடும். ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைத்தான் அறிவியலில் 'பாகுநிலை' என்கிறார்கள். தண்ணீருக்கு அது குறைவு. விளக்கெண்ணெய்க்கு அதிகம். தேனுக்கு இன்னும் அதிகம்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம், தண்ணீரைவிட சுமார் மூன்று, நான்கு மடங்கு கெட்டியானது. அதிலிருந்து அணுக்களையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் நீரான பிளாஸ்மா, தண்ணீரைவிட இரண்டு மடங்குகூடக் கெட்டியாக இருக்காது. வித்தியாசத்துக்குக் காரணம் சிவப்பணுக்கள். ஒரே ஒரு சொட்டு ரத்தத்தில் 20 கோடிக்கும் மேல் சிவப்பணுக்கள் இருக்கின்றன. ஆண்களின் ரத்தத்தில் சுமார் 45 சதவிகிதமும், பெண்களின் ரத்தத்தில் சுமார் 40 சதவிகிதமும் இவைதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பி.சி.வி.' அல்லது 'ஹெமடோகிரிட்' என்று ஒரு வரி இருக்குமே, அது இந்த அளவைத்தான் சொல்கிறது. அந்த எண் ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது, இறங்கினால் நீர்க்கிறது.

குளிருக்கும் இதில் பங்குண்டு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால், ரத்தத்தின் பாகுநிலை ஏறக்குறைய 2 சதவிகிதம் கூடும். மார்கழி அதிகாலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதைப்போல ரத்தம் உறைந்துவிடாது. உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால், விரல் நுனிகள் சில்லிட்டிருக்கும்போது அங்கே ஓட்டம் மந்தப்படுவது உண்மை.

பானைத் தயிரும் நாணய அடுக்கும்

தண்ணீரோ தேனோ, வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அதன் கெட்டித்தன்மை மாறுவதில்லை. ரத்தம் அப்படியில்லை. பானையில் உறைந்த தயிரை நினைத்துப் பாருங்கள். சாய்த்தால் இறங்காது. கரண்டியால் நாலு சுற்று சுற்றினால் தளர்ந்து ஓடும். மத்தால் கடைந்தாலோ கேட்கவே வேண்டாம். ரத்தமும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். வேகமாக ஓடும்போது இருப்பதைவிட, ஏறக்குறைய நின்றுபோகும் நிலையில் அதன் பாகுநிலை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது.

காரணம் எளிது. சிவப்பணுக்கள் நடுவில் குழிந்த வட்டத் தட்டுகள். ஓட்டம் மெதுவாகும்போது, பிளாஸ்மாவில் இருக்கும் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் பசைபோல வேலை செய்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. கல்லாப்பெட்டியில் ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிவைத்ததுபோல, சிவப்பணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன. ஓட்டம் வேகமெடுத்தால் அடுக்கு கலைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓட ஆரம்பிக்கும். இது ரத்தம் உறைந்து கட்டியாவது இல்லை. திரும்பக் கலைந்துவிடும் தற்காலிகக் கூட்டம்தான்.

இந்த நாணய அடுக்கை அளக்கும் பரிசோதனை ஒன்று நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். அதன் பெயர் ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். அடுக்கு பெரிதானால் கனமாகி வேகமாக இறங்கும். 1897-ல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி இதைக் கவனித்தார். 1918-ல் ஸ்வீடன் மருத்துவர் ராபின் ஃபாரேயஸ், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக இறங்குவதைக் கண்டார். உடம்பில் எங்காவது கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால் பசைப் புரதங்கள் கூடுகின்றன, ஈ.எஸ்.ஆர். ஏறுகிறது. எந்த நோய் என்று அது சொல்லாது. 'உள்ளே ஏதோ நடக்கிறது, பாருங்கள்' என்று மருத்துவரின் தோளைத் தட்டும்.

அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்று

ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதோடு, எந்தக் குழாய் வழியாக ஓடுகிறது என்பதும் முக்கியம். சொல்லப்போனால், அதுதான் அதிக முக்கியம். இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பாய்ஸொய் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1838-லிருந்து 1846 வரை, முடியைப்போல மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி, பொறுமையாக அளந்து அவர் கண்டுபிடித்த விதியைத்தான் இன்றைக்கும் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். பாகுநிலையை அளக்கும் 'பாய்ஸ்' என்ற அலகு அவர் பெயரில் வந்ததுதான்.

அவர் கணக்குப்படி, திரவம் இரண்டு மடங்கு கெட்டியானால் ஓட்டம் பாதியாகும். ஆனால், குழாயின் அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்! இளநீர்க் கடையில் குச்சிபோல மெலிந்த ஸ்ட்ராவைக் கொடுத்தால் உறிஞ்ச முடியாமல் தவிப்போமே, அதே கதை. ரத்தக்குழாயின் அகலம் வெறும் 20 சதவிகிதம் குறைந்தாலே ஓட்டம் 41 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும் என்கிறது கணக்கு. உயிருள்ள ரத்தக்குழாய், கண்ணாடிக் குழாய்போல விறைப்பானது கிடையாது. இதயமும் குழாய்களும் ஓரளவுக்குச் சமாளிக்கும். ஆனாலும் கொழுப்பும் புகையும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும்போது, 'கொஞ்சம்தானே' என்று ஏன் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

நல்ல சேதியும் இதே கணக்கில் இருக்கிறது. நடக்கும்போது காலின் தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் வேகமாகக் குழாயின் சுவரை உரசிக்கொண்டு ஓடும்போது, சுவரின் உள்பூச்சிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயை இன்னும் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டம் வழியைத் திறக்கிறது, திறந்த வழியில் ஓட்டம் இன்னும் கூடுகிறது.

நெரிசலில் வழி கண்டுபிடிக்கும் சிவப்பணு

கிரிவலப் பாதையில் இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பார்கள். மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் வலம் வருவதாக ஐதீகம். சிறிய ரத்தக்குழாய்களுக்குள்ளும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. அங்கே சிவப்பணுக்கள் நடுவில் ஓடும், பிளாஸ்மா ஓரங்களில் ஓடி வழுவழுப்பாக வழிவிடும். இதனால் குழாய் குறுகக் குறுக ரத்தம் எதிர்பார்ப்பதைவிட இளக்கமாக ஓடுகிறது. ஈ.எஸ்.ஆர். ஆராய்ச்சியில் பார்த்த அதே ஃபாரேயஸ், லிண்ட்குவிஸ்ட் என்பவருடன் சேர்ந்து 1931-ல் இதை வெளியிட்டார்.

கடைசியில் வருபவை தந்துகிகள். ஒரு சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகள் அதைவிடவும் குறுகியவை. அப்படியும் சிவப்பணு நுழைந்துவிடுகிறது. கோயில் திட்டிவாசலில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற பக்தரைப்போல வளைந்து, மடங்கி, நீண்டு மறுபக்கம் போய்ப் பழைய உருவத்துக்கு வந்துவிடும். சுமார் 120 நாள் ஆயுளில் இதை அது எத்தனை ஆயிரம் தடவை செய்கிறதோ!

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது இந்த வளையும் தன்மை குறைகிறது. சிவப்பணுக்கள் விறைக்கின்றன, பசைப் புரதங்கள் கூடுகின்றன, சிறிய ரத்தக்குழாய்களின் சுவரும் கெடுகிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதம் மூன்றிலும் முதலில் அடிபடுவது இந்தச் சின்னஞ்சிறு குழாய்கள்தான்.

சிவப்பணு முற்றிலும் வளைய மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுத் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். பரம்பரையாக வரும் இந்தக் குறையில், ஆக்சிஜன் குறையும்போது வட்டத் தட்டான சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைத்துவிடுகிறது. விறைத்த அணுக்கள் தந்துகிகளில் மாட்டிக்கொண்டு வழியை அடைக்கும். எலும்புக்குள் தாங்க முடியாத வலி வரும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தவர்களுக்குத்தான் நோய் முழுதாகத் தாக்கும். தண்ணீர் குறைவதும் குளிரும் வலியைத் தூண்டிவிடும். 2023 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய தேசிய அரிவாள் அணு ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது.

கெண்டைக்காலில் இரண்டாவது இதயம்

இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாள் முழுக்கக் கணக்கிட்டால் 7,000 லிட்டர். பாதம்வரை போவது சுலபம், இறக்கம். திரும்பி மேலே வருவதுதான் கஷ்டம். அங்கே உதவிக்கு வருபவை கெண்டைக்கால் தசைகள். ஒவ்வோர் அடிக்கும் அவை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் இருப்பதால் ஏறிய ரத்தம் கீழே விழுவதில்லை. சிரைகளில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகும் என்பதை, கையில் கட்டுப் போட்டு, விரலால் நரம்பை அழுத்திக் காட்டி 1628-ல் உலகத்துக்கு நிரூபித்தவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி.

அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர். நடக்க ஆரம்பித்ததும் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கிரிவலம் முழுக்க ஒருவர் வைக்கும் அடிகள் சுமார் 20,000. அத்தனை தடவை அந்த இரண்டாவது இதயம் துடிக்கிறது.

ஆக, கால்களுக்கு எதிரி நடை இல்லை. அசையாமல் நிற்பதும், அசையாமல் உட்கார்ந்திருப்பதும்தான். காலையிலிருந்து இரவுவரை கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மாலையானால் கால் வீங்கும். வருடங்கள் போனால் சிரைகளின் கதவுகள் பழுதாகி, நரம்புகள் சுருண்டு புடைக்கும். இந்த ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் அதையே செய்தது. 'உட்காரும் உரிமை' என்று செய்திகளில் வந்ததன் பின்னால், கெண்டைக்காலில் தேங்கும் ரத்தம் இருக்கிறது. இருக்கை கிடைத்தாலும், இடையிடையே நாலு அடி நடப்பதும் அவசியம்.

கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சுமார் 200 கிலோமீட்டர் பேருந்தில் உட்கார்ந்து வருகிறார்கள். இரவெல்லாம் நடந்துவிட்டு, அசதியில் அதே இருக்கையில் காலைத் தொங்கவிட்டுத் தூங்கியபடி திரும்புகிறார்கள். 'ஒரு சொட்டு தண்ணி குடிச்சாலும் வழியில் இறங்கணுமே' என்று தாகத்தையும் அடக்கிக்கொள்கிறார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால், காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. விமானம் மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் ஆபத்து. எனவே பயப்பட வேண்டாம். ஆனால், ஏற்கெனவே கட்டி வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு காலும் வலித்தால் அது நடையின் களைப்பு. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலி நீடித்தால் தைலம் தேய்த்து அழுத்தி நீவிவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

தண்ணீர் கசிந்தால்...

வியர்வையாக வெளியேறும் தண்ணீர் பிளாஸ்மாவிலிருந்தும்தான் போகிறது. அதனால் நீண்ட நடையின்போது ரத்தம் தற்காலிகமாகக் கொஞ்சம் கெட்டியாகும். பாதையோரத்தில் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ பிளாஸ்மாவைத்தான் நிரப்புகிறார்கள்.

வியர்க்காமலேயே ரத்தம் ஆபத்தான அளவுக்குக் கெட்டியாகும் நோய் ஒன்று தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும், டெங்கு. டெங்கு என்றதும் எல்லோரும் தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான் விசாரிப்பார்கள். மருத்துவர்கள் அதே அளவுக்குக் கவலையோடு பார்ப்பது ஹெமடோகிரிட்டை. தீவிர டெங்குவில் ரத்தக்குழாய்களின் சுவர் கசிந்து, பிளாஸ்மா வெளியேறிவிடுகிறது. உள்ளே சிவப்பணுக்கள் மட்டும் நெரிசலாக மிஞ்சுகின்றன. ஹெமடோகிரிட் வழக்கத்தைவிட 20 சதவிகிதம் கூடினால் கசிவு நடக்கிறது என்று பொருள். உதாரணத்துக்கு, 40 இருந்தவருக்கு 48 ஆவது. ரத்தத்தின் அளவும் குறைந்து, மிஞ்சியதும் கெட்டிப்பட்டு, நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம்.

இதில் ஏமாற்றக்கூடிய விஷயம், கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் நடக்கும். 'ஜுரம் விட்டுடுச்சு' என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாள்கள்தான் கவனிக்க வேண்டியவை. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

மிதமிஞ்சினாலும் குறைந்தாலும்

சிவப்பணுக்கள் தேவைக்கு மேல் கூடினால் ரத்தம் கூழாகும். பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்வதால், ஈடுகட்ட உடம்பு அதிக சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயிலும், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் குறட்டை நோயிலும் இது நடக்கும். எலும்பு மஜ்ஜையின் கோளாறால் வரும் 'பாலிசைத்தீமியா வெரா' என்ற அரிய நோயும் உண்டு. தலைவலி, முகச்சிவப்பு, வெந்நீரில் குளித்த பிறகு உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் இதற்குக் காரணமாக இருக்கும் மரபணு மாற்றத்தை 2005-ல் கண்டுபிடித்தார்கள். அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிட்டு, ஹெமடோகிரிட்டை 45-க்குக் கீழே வைத்திருப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை.

அப்படியானால் ரத்தம் நீர்த்திருப்பது நல்லதா? அதுவும் இல்லை. ரத்தசோகையில் ரத்தம் சுலபமாக ஓடும். ஆனால், ஓடிப் போய்ச் சேர்வதில் சரக்கு இருக்காது. லாரிகள் குறைந்த நெடுஞ்சாலைபோல. குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். மாடிப்படி ஏறினால் படபடக்கும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-ல் 53 பேருக்கு ரத்தசோகை. நம் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இருக்கும் பிரச்னை கெட்டி ரத்தம் இல்லை, இரும்புச்சத்து இல்லாத நீர்த்த ரத்தம்.

பெயர்தான் 'ரத்தம் நீர்க்கும் மாத்திரை'

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும், பக்கவாதம் வந்தவர்களும் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை 'ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை' என்கிறோம். உண்மையில் இவை ரத்தத்தை நீர்க்கவைப்பதில்லை. பாகுநிலை அப்படியேதான் இருக்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கின்றன. வார்ஃபரின், ரத்தம் உறையத் தேவையான புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. மூன்றின் வேலையும் கட்டி விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

இந்தப் பெயர்க்குழப்பத்தால் நடக்கும் தவறுகள் இரண்டு. 'ரத்தம் ரொம்ப நீர்த்துப்போய் உடம்பு பலவீனமாகிவிடும்' என்று பயந்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது ஒன்று. ஸ்டென்ட் வைத்தவர் இப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குவதற்காகக்கூட இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறாரே என்று தானாகவே தினம் ஓர் ஆஸ்பிரின் போட ஆரம்பிப்பது மற்றொன்று. வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு வரலாம். பூண்டும் இஞ்சியும் உணவில் இருக்கட்டும். மாத்திரைக்கு மாற்றாக அவற்றை நம்ப வேண்டாம்.

கிரிவலம் போகிறவர்கள் கவனத்துக்கு...

* கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள். வழியில் அரை மணிக்கு ஒருமுறை சில மடக்குகள் குடித்தால் போதும். அதிகம் வியர்த்தால் நீர்மோர் அல்லது 1 லிட்டர் தண்ணீரில் கரைத்த ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். நல்லது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

* களைத்தால் உட்காரலாம், தவறில்லை. உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். முடிந்தால் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

* சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கல் குத்தினால் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. பொருத்தமான காலணி போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள்.

* திரும்பும் பயணத்தில் வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி இரண்டு நிமிஷம் நடங்கள். தூங்குவதற்கு முன் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை 20 தடவை செய்யுங்கள்.

* நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் 'மிச்சத்தை முடித்துவிடலாம்' என்று வீம்பு வேண்டாம். அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

ஒரு நாள் நீண்ட நடையில் ரத்தம் கொஞ்சம் கெட்டியாகும் என்று பார்த்தோம். வாரக்கணக்கில் தொடர்ந்து நடப்பவர்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. உடம்பு பிளாஸ்மாவின் அளவைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தம் இயல்பாகவே இளகி ஓடுகிறது. இதற்கு மாதம் ஒரு பௌர்ணமி போதாது. தெருவிலோ மொட்டைமாடியிலோ தினமும் 2 கிலோமீட்டர் நடப்பவர், மாதம் முடியும்போது 60 கிலோமீட்டர் நடந்திருப்பார். நாலு கிரிவலத்துக்கும் மேலான கணக்கு!